இரண்டு ஃபிலிம், ஒரு படம்: லைட் பாக்ஸ் பிரிண்டில் கூர்மை எங்கே தொலைகிறது

பகலில் பளிச்சென்று இருக்கும் பிரிண்ட், பின்னால் விளக்கைப் போட்டதும் வெளிறிப்போகும். பேக்லிட் வேலை எடுக்கும் எல்லோரும் கேட்கும் முதல் புகார் இதுதான். காகிதப் படத்தில் வெளிச்சம் மையைத் தாண்டிப் போய், காகிதத்தில் பட்டு, திரும்பவும் மையைத் தாண்டிக் கண்ணுக்கு வருகிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சமோ ஒரு தடவைதான் மையைக் கடக்கிறது. ஆகவே அதே மைக்கு ஏறக்குறைய பாதி அடர்த்திதான் கிடைக்கும். கறுப்பு சாம்பலாகும், அரக்கு ரோஸாகும்.

மையைக் கூட்டி ஊற்றினால் ஓரளவு சரியாகும். ஃபிலிமின் மேல்பூச்சு குடிக்கிற அளவைத் தாண்டினால் மை குட்டையாகத் தேங்கும், எழுத்தின் ஓரம் கசியும். அதனால் பல கடைகளில் ஒரே படத்தை இரண்டு ஃபிலிமில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைப்பது வழக்கம். அடர்த்தி கூடுவது கணக்குப்படி நடக்கும்: 1.5 அடர்த்தியும் 1.0 அடர்த்தியும் சேர்ந்தால் 2.5. ஆனால் கூர்மை போய்விடும். புடவைக் கடை விளம்பரம் ஒன்றைப் பத்து மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் ஒரு ஜரிகை இழை இரண்டு இழையாகத் தெரியும்: ஒன்று பளிச்சென்று, பக்கத்திலேயே ஒன்று நிழலாக. மாடலின் கண் இமை முடிகள் பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு 720 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 720 புள்ளி) எடுத்ததை 1440-லும் 2880-லும் எடுத்துப் பார்ப்பது வீண் செலவு. கூர்மை தொலைவது பிரிண்டரில் அல்ல. இரண்டு ஃபிலிமுக்கும் நடுவில் தொலைகிறது.

முதலில் யார், எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கப்போகிறார் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நல்ல கண் பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 30 செ.மீ. தூரத்தில் அது 0.09 மி.மீ., ஒரு மீட்டரில் 0.3 மி.மீ., மூன்று மீட்டரில் 0.9 மி.மீ. பஸ் நிறுத்தத்துப் போர்டில் அரை மி.மீ. விலகல் யாருக்கும் தெரியாது. நகைக்கடை கவுண்டரில் முழங்கை ஊன்றிப் பார்க்கிற பெட்டியில் 0.2 மி.மீ. கூடத் தெரியும். இந்த ஒரு எண்ணை வேலைச் சீட்டில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது இடைவெளி. இரண்டு படங்களுக்கு நடுவே 1 மி.மீ. காற்று இருந்து, 45 பாகை சாய்வில் பார்த்தால், பின்படம் 1 மி.மீ. நகர்ந்து தெரியும். நடுவில் இருப்பது பாலியெஸ்டர் என்றால் ஒளி உள்ளே வளைவதால் விலகல் பாதியாகும்: 0.2 மி.மீ. ஃபிலிமுக்குச் சுமார் 0.1 மி.மீ. இரண்டு படத்துக்கும் நடுவே 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டைச் செருகினால் 1.6 மி.மீ. இரண்டு கண்ணும் வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால், கிட்டத்தில் நேராக நின்றாலும் விளிம்பு இரட்டையாகத்தான் தெரியும். ஆழம் தெரிய வேண்டும் என்று கேட்டுச் செய்கிற அலங்கார வேலைக்கு மட்டுமே அக்ரிலிக்கை நடுவில் வைக்கலாம்.

இது முன்னால் இருப்பது தெளிவான ஃபிலிமாக இருந்தால் வரும் கணக்கு. அப்போது பின்படம் விலகித் தெரியுமே தவிர மங்காது. முன்னால் இருப்பது பால் போன்ற பேக்லிட் ஃபிலிம் என்றால் கதை வேறு. அது ஒளியைச் சிதறடிக்கும் பொருள், அதற்குத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கும் எந்தப் படமும், அதே ஃபிலிமின் முதுகில் அச்சான படமும்கூட, மங்கித்தான் வெளியே வரும். சந்தையில் கிடைக்கும் பேக்லிட் ஃபிலிம்களில் முதுகுப்பக்கம் மிரராக (இடவலம் மாற்றி) அச்சிடும் வகை நிறைய இருக்கிறது. மை கீறல் படாமல் உள்ளே இருக்கும், முன்பக்க மேட் பளபளப்பைக் குறைக்கும் என்பதற்காக வாங்குகிறார்கள். தூரத்துப் போர்டுக்கு அது சரி. கிட்டத்தில் பார்க்கும் வேலைக்கு முன்பக்கம் அச்சிடும் வகையை எடுத்து, மேலே மெல்லிய தெளிவான லேமினேஷன் போடுவது நல்லது. எந்தப் பக்கம் பூச்சு என்று சந்தேகம் வந்தால், படத்துக்கு வெளியே உள்ள மூலையில் ஈர விரலை வைத்தால் போதும். விரல் ஒட்டினால் அதுதான் மை வாங்கும் பக்கம்.

ஆக, அடுக்கும் வரிசை இப்படி: விளக்கு, ஒளியைச் சீராகப் பரப்பும் டிஃப்யூசர் ஷீட், பால் ஃபிலிமில் முன்பக்கம் அச்சான பின்படம், அதன்மேல் தெளிவான ஃபிலிமில் முன்படம். சிதறடிக்கும் பொருள் எதுவும் படத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வரக்கூடாது. கண்கூசுகிறது என்று முன்னால் மேட் அக்ரிலிக் போடச் சொல்லும் வாடிக்கையாளர் உண்டு. மேட் பரப்பு படத்தோடு ஒட்டி இருந்தால் கெடுதல் குறைவு. பத்து மி.மீ. தள்ளி இருந்தால் மொத்த உழைப்பும் போச்சு.

முன்படத்தை எப்படித் திருப்புவது? மையும் மையும் முகம் பார்த்தபடி இருந்தால் இடைவெளி பூச்சுகளின் கனம் அளவுக்கு, சில பத்து மைக்ரானாகக் குறையும். அதற்கு முன்ஃபிலிமை மிரராக எடுத்துக் கவிழ்க்க வேண்டும். கோணக் கணக்கில் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் இதற்குள் ஒரு குழி இருக்கிறது. ரோல் பிரிண்டர் எதுவும் பிசகில்லாத செங்கோணத்தில் அடிப்பதில்லை. ஹெட் போகும் திசையும் ஃபிலிம் நகரும் திசையும் சிறிது கோணி இருக்கும். இரண்டு பிரதிகளையும் ஒரே மாதிரி எடுத்தால் இரண்டும் ஒரே பக்கம் கோணும், ஒன்றோடொன்று பொருந்திவிடும். ஒன்றை மிரராக எடுத்துக் கவிழ்த்தால் அது எதிர்ப்பக்கம் கோணும், பிசகு இரட்டிப்பாகும். மேலே இரண்டு மூலையும் கச்சிதமாகப் பொருந்தி, கீழ் மூலைகள் மட்டும் பக்கவாட்டில் பிடிவாதமாக விலகி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டேப்பைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டி ஒரு பயனும் இல்லை.

அளந்து பார்ப்பது சுலபம். 600 மி.மீ. சதுரம் ஒன்றை மெல்லிய கோட்டில் அச்சிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் ஸ்டீல் ஸ்கேலில் அளக்க வேண்டும். சரியான சதுரத்தில் இரண்டும் 848.5 மி.மீ. இருக்கும். ஒன்றுக்கொன்று 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் கோணல் 600-க்கு 0.7 மி.மீ. கவிழ்த்து வைக்கும்போது இரண்டும் 1.4 மி.மீ. விலகும். மிரர் கோப்பில் அந்த அளவுக்கு எதிர்த்திசையில் ஸ்க்யூ (கோணல்) கொடுத்தால் தீர்ந்துவிடும். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் இரண்டையும் நேராகவே எடுத்து, ஒரு ஃபிலிம் கனத்தை ஏற்றுக்கொள்வது மேல். முன்ஃபிலிமை 0.1 மி.மீ. கனத்தில் தேர்ந்தெடுத்தால் 45 பாகையில் விலகல் 0.05 மி.மீ.தான். கண்ணுக்கு எட்டாது.

இதுவரை சொன்னது இரண்டு படமும் ஒரே அளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில். அந்த எண்ணத்தையே விட்டுவிட்டால் வேலை பாதியாகக் குறையும். விளிம்பு முழுவதும் முன்ஃபிலிமில் இருக்கட்டும். பின்ஃபிலிம் அடர்த்தியை மட்டும் சுமக்கட்டும். அதாவது பின்படத்தை வேண்டுமென்றே மங்கலாக எடுப்பது. மங்கலான படத்துக்கு விளிம்பே இல்லை, ஆகையால் இரட்டை விளிம்பும் வராது. டார்க்ரூம் காலத்தில் ஸ்லைடின் கான்ட்ராஸ்ட்டை அடக்க மங்கலான மெல்லிய நெகட்டிவ் ஒன்றைச் சேர்த்து வைத்துப் பிரிண்ட் போடுவார்கள், அதற்கு அன்ஷார்ப் மாஸ்க் என்று பெயர். இங்கே நெகட்டிவுக்குப் பதில் பாசிட்டிவ்.

ஆனால் சும்மா மங்கலாக்கினால் இன்னொரு தொல்லை வரும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தால், மங்கிய கறுப்பு எழுத்துக்குள் வழிந்து வெள்ளையை அழுக்காக்கும். முன்ஃபிலிமால் அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் மையைச் சேர்க்கலாமே தவிர வெளிச்சத்தைச் சேர்க்க முடியாது. அதனால் மங்கலாக்கும் முன் இருட்டுப் பகுதிகளை உள்ளுக்குள் சுருக்க வேண்டும். வெள்ளை மை அடிப்பவர்கள் சோக் கொடுப்பது (ஓரத்தை உள்ளே இழுப்பது) போலத்தான்.

ஃபோட்டோஷாப்பில் செய்வதானால், முழு அளவில் 300 பி.பி.ஐ. கோப்பு ஒன்றிலிருந்து தொடங்கலாம். அதில் ஒரு பிக்சல் 0.085 மி.மீ. பிரதி எடுத்து, ஃபில்டர் மெனுவில் அதர் என்பதற்குக் கீழே இருக்கும் மேக்ஸிமம் 8 பிக்சல் கொடுத்தால் வெளிச்சப் பகுதிகள் 0.7 மி.மீ. அளவுக்கு விரியும், இருட்டு சுருங்கும். அதன்மேல் காஸியன் பிளர் 3 பிக்சல். பிறகு கர்வ்ஸில் வெளிச்சமான கால்வாசி டோன்களை முழுவெள்ளைக்குத் தள்ளிவிட வேண்டும், அங்கே பின்ஃபிலிமில் ஒரு சொட்டு மைகூட வேண்டாம். அதிக இருட்டு 0.6 முதல் 0.7 அடர்த்தியில் நின்றால் போதும். 0.6 என்றால் கால்பங்கு ஒளிதான் கடக்கும், அதுவே கறுப்பைக் கறுப்பாக்கிவிடும். நிறத்தை எடுத்துவிட வேண்டியதில்லை. நிறத்தின் நுணுக்கத்தைக் கண் அவ்வளவாகப் பிரித்தறியாது, ஆகவே பின்படத்தில் மங்கிய நிறம் இருந்தால் மேலே நிறம் ஆழமாகத் தெரியும், கசிவு தெரியாது.

முன்படத்துக்கு இரண்டு கட்டமாக ஷார்ப்பன். முதலில் அகலமான அன்ஷார்ப் மாஸ்க்: ரேடியஸ் 8 முதல் 10, அமவுன்ட் 20 முதல் 25%. பின்படத்தைச் சுருக்கியதால் இருட்டின் உள்ஓரத்தில் ஒரு வெளிர் பட்டை விழும், அதை இது ஓரளவு நிரப்பும். அடுத்து வழக்கமானது: ரேடியஸ் 1 முதல் 1.5, அமவுன்ட் 120 முதல் 150%. முன்படத்தில் கறுப்பு ஏற்கனவே உச்சத்தில் இருந்தால் முதல் கட்டத்தால் பயனில்லை. தடிமனான கறுப்பு எழுத்தைச் சுற்றிச் சாம்பல் வரம்பு ஒன்று தெரிந்தால் அதுதான் காரணம். அப்போது சோக்கைக் குறைக்க வேண்டும், சோக்கைக் குறைக்க வேண்டுமானால் ரெஜிஸ்டர் (இரண்டு ஃபிலிமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) துல்லியமாக இருக்க வேண்டும். 0.7 மி.மீ. வரம்பு இரண்டு மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய மறைந்துவிடும். ஒரு மீட்டருக்குள் பார்க்கும் வேலைக்கு 3 அல்லது 4 பிக்சலுக்கு இறக்கிவிடலாம்.

ரெஜிஸ்டர் பார்க்க வெறும் குறுக்குக்கோடு போதாது. கண்ணுக்குப் பொருந்தியது போலத் தெரிவது லூப்பில் 0.2 மி.மீ. தள்ளியிருக்கும். வெர்னியர் அளவுகோல் போடுவது நல்லது. பின்ஃபிலிமின் ஓரத்தில் 1 மி.மீ. இடைவெளியில் 21 கோடுகள், முன்ஃபிலிமில் அதே இடத்தில் 0.9 மி.மீ. இடைவெளியில் 21 கோடுகள். நடுக்கோடுகள் பொருந்தினால் விலகல் இல்லை. நடுவிலிருந்து மூன்றாவது கோடு பொருந்தினால் 0.3 மி.மீ. விலகல், எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். நான்கு மூலையிலும், கிடை ஒன்று, நெடுக்கு ஒன்று. இந்த மெல்லிய கோடுகளை அடிக்கும்போது பைடைரக்‌ஷனை அணைத்துவிட்டு (ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பதை நிறுத்தி) ஒருதிசையில் அடிக்கவும். இல்லையென்றால் ஒவ்வொரு கோடும் தானே இரட்டையாக விழும், அளப்பதற்கு அர்த்தம் இருக்காது.

ஆஃப்செட்டுக்குப் பாசிட்டிவ் ஒட்டிய கைகள் சிவகாசியிலும் சென்னையிலும் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குத் துளையிடும் பஞ்ச்சும் துளையில் மாட்டும் பின்னும் புதிதல்ல. ஃபிலிமின் மேல்விளிம்பில் ஒரு வட்டத் துளை, இன்னொன்று நீள்துளை. இரண்டும் வட்டமாக இருந்தால் ஃபிலிம் விரியும்போது நடுவில் உப்பிக்கொள்ளும். நீள்துளை அந்த விரிவுக்கு இடம் கொடுக்கும். பஞ்ச் இல்லாதவர்கள் லைட் டேபிளில் பின்ஃபிலிமை ஒட்டி, முன்ஃபிலிமின் மேல்நடுவை முதலில் பொருத்தி டேப் போட்டு, அங்கிருந்து கீழே விலகிக்கொண்டே வர வேண்டும். மூலையில் தொடங்கினால் பிசகு முழுவதும் எதிர்மூலையில் போய்ச் சேரும்.

இரண்டு ஃபிலிமும் ஒரே ரோலிலிருந்து, ஒரே திசையில், ஒரே நாளில் எடுத்ததாக இருக்கட்டும். ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் அடித்து மீடியாவை மிச்சம் பிடித்தால் ஃபீட் பிழை ஒன்றில் உயரத்தில் விழும், மற்றதில் அகலத்தில் விழும். பாலியெஸ்டர் மீட்டருக்குப் பத்து டிகிரிக்குச் சுமார் 0.2 மி.மீ. விரியும். அக்ரிலிக் 0.7 மி.மீ. விரியும். பெட்டிக்குள் இருபது டிகிரி சூடு ஏறினால் அக்ரிலிக் ஷீட் தன்மேல் உள்ள ஃபிலிமைவிட மீட்டருக்கு ஒரு மி.மீ. கூடுதலாக நீள்கிறது. நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருந்தால் டேப் நழுவும், விளக்கை அணைத்து ஆறியதும் நடுவில் அலை விழும், அலை விழுந்த இடத்தில் இரண்டு ஃபிலிமும் பிரியும். மாட்டிய அன்று சரியாக இருந்த படம் பத்து நாளில் நடுவில் மட்டும் மங்குவது இப்படித்தான். மேல்விளிம்பில் மட்டும் கட்டித் தொங்கவிட்டு, மற்ற மூன்று பக்கத்தையும் ஃபிரேமுக்குள் சும்மா விடுவது நல்லது.

சினிமாக்காரர்கள் இதை நூறு வருடத்துக்கு முன்பே பட்டறிந்தார்கள். டெக்னிகலர் நிறுவனம் 1922-ல் கொண்டுவந்த முறையில், இரண்டு நிறத்துக்கு இரண்டு மெல்லிய ஃபிலிம்களை முதுகோடு முதுகு ஒட்டியிருந்தார்கள். புரொஜெக்டர் சூட்டில் அது கிண்ணமாகக் குழியும், ஃபோகஸ் ஓடிவிடும். 1928-ல் இரண்டு சாயத்தையும் ஒரே பக்கத்துக்கு மாற்றியதும்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நிறத்துக்கு ஒரு படலமாக மூன்றை அடுக்கி முழுவண்ணப் படம் எடுக்கும் யோசனை இன்னும் பழையது. லூயி டுகோ டு ஓரோன் 1869-ல் எழுதி வெளியிட்டது, 1877-ல் அவர் எடுத்த ஆஜான் ஊர்க் காட்சி இன்றும் இருக்கிறது.

சயான், மெஜென்டா, மஞ்சள் என்று மூன்று தனி ஃபிலிமாக எடுத்து அடுக்குபவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. கண் உணரும் பிரகாசத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் பச்சை ஒளியிலிருந்து வருகிறது, நீலத்தின் பங்கு ஏழு சதவீதம்தான். பச்சையைக் கட்டுப்படுத்துவது மெஜென்டா, நீலத்தைக் கட்டுப்படுத்துவது மஞ்சள். ஆகவே கூர்மை ஏறக்குறைய முழுவதும் மெஜென்டா ஃபிலிமில் இருக்கிறது. அது முன்னால், சயான் அதை ஒட்டி, மஞ்சள் கடைசியில். மஞ்சள் கால் மி.மீ. விலகினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், மற்ற இரண்டும் 0.1 மி.மீ. விலகினால் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் கிளம்பும். கேமரா நெகட்டிவில் மஞ்சள் சாயம் வரும் அடுக்கு மேலே இருக்கும். கோடாக் 2383 போன்ற சினிமா பிரிண்ட் ஃபிலிமில் மெஜென்டா மேலே, சயான் நடுவில், மஞ்சள் அடியில். திரையில் கூர்மை வேண்டும் என்பதற்காகவே அப்படி. இப்போது தயாரிப்பில் இல்லாத இல்ஃபோகுரோம் (ஸ்லைடிலிருந்து நேராகக் கலர் பிரிண்ட் எடுக்கும் பொருள்) வேறு வழியில் போனது. சாயங்கள் முன்பே அடுக்குக்குள் இருந்ததால், எக்ஸ்போஸ் செய்யும்போது பக்கவாட்டில் சிதறும் ஒளியை அவையே விழுங்கிவிடும். அதன் கூர்மைக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வழவழப்பான இரண்டு பரப்பு ஒட்டினால் எண்ணெய்ப் படலம் போல வானவில் வளையங்கள் விழும். நியூட்டன் வளையம். ஒரு பக்கம் மேட்டாக இருக்கும் ஃபிலிம் எடுத்தால் வராது. அச்சகத்தில் தூவும் மிக நுண்ணிய ஸ்டார்ச் பவுடரை ஊதிவிட்டாலும் போய்விடும், ஆனால் கொஞ்சம் அதிகமானால் இருட்டுப் பகுதி பனி மூடியது போலாகும். நிரந்தரத் தீர்வு தெளிவான ஒட்டுப்படலத்தால் இரண்டையும் ஒட்டிவிடுவது. 25 முதல் 50 மைக்ரான் ஓ.சி.ஏ. படலம் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: காற்று எல்லையில் ஒவ்வொரு பாலியெஸ்டர் பரப்பும் ஐந்தாறு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், நடுவிலிருந்த இரண்டு பரப்பும் ஒழிவதால் கறுப்பு இன்னும் இறுகும்.

ஒட்டும் முன் காய்தல் முக்கியம். தொட்டால் ஒட்டாது என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. மையிலுள்ள கிளைக்கால் என்ற கரைப்பான் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். ஃபிலிமின் மேல் சாதாரண வெள்ளைக் காகிதத்தை விரித்து 24 மணி நேரம் விட்டு, காகிதம் நெளிந்திருந்தால் மாற்றிவிட்டு இன்னொரு நாள் விட வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே ஆவி சிக்கிக் குமிழாகும், அந்தக் குமிழை ஸ்க்வீஜியால் எடுக்க முடியாது.

பெட்டியை மூடும் முன் விளக்கைப் போட்டு, அறையை இருட்டாக்கி, படத்தின் நான்கு ஓரத்தையும் பார்க்கவும். அச்சில்லாத விளிம்பிலிருந்து வெள்ளை ஒளி கசிந்தால் அது கண்ணுக்குள் சிதறி, எவ்வளவு நல்ல கறுப்பும் மந்தமாகத் தெரியும். ஒளி புகாத கறுப்பு டேப்பை ஃபிலிமின் பின்பக்கம் படத்துக்கு 1 மி.மீ. உள்ளே வரும்படி ஒட்டினால் போதும். வெர்னியர் கோடுகளை அப்போது வெட்டி எறிந்துவிட வேண்டாம், டேப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும். விளக்கு மாற்றப் பெட்டியைத் திறக்கும்போது மறுபடி பொருத்த அவைதான் வேண்டும்.